போனவர்தான் வந்தாரா

அந்த மருத்துவமனையில் மூளை அறுவை நடக்கும் மாடிக்குப் போனால், நடையின் கடைசியில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். செருப்பும் வெளியாட்களும் கோட்டுக்கு இந்தப் பக்கம். பச்சை உடுப்புக்காரர்கள் அந்தப் பக்கம். இந்தப் பக்கத்திலேயே நாலு எட்டு தள்ளி ஒரு சின்ன அறை உண்டு. ஒரு சுழல் நாற்காலி, ஒரு கை கழுவும் தொட்டி, மூடி வைத்த ஒரு குப்பைக் கூடை, அவ்வளவுதான். கண்ணாடி கிடையாது. அறுவைக்குப் போகிற ஆள் தன் மொட்டைத் தலையைத் தானே பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று கழற்றிவிட்டார்கள். அந்த அறையில்தான் முதல் கத்தி இருபத்திரண்டு வருஷமாக முடி எடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் கத்தி தலையில் படுவதற்கு முன்னால் இவருடைய கத்தி படுகிறதல்லவா, அதனால் அந்தப் பட்டம். நாளடைவில் கத்தி போய் மின்சார மெஷின் வந்தது. பட்டம் போகவில்லை. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயருக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

தலையை வெளியிலிருந்து அவரைப்போலத் தெரிந்தவர்கள் குறைவு. எந்தத் தலையில் எங்கே மேடு, எங்கே பள்ளம், சின்ன வயசில் எந்த மாடிப்படியில் விழுந்த தழும்பு எது, எல்லாம் விரலாலேயே சொல்லுவார். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. சுவரின் இந்தப் பக்கம் சுண்ணாம்பு அடிக்கிறவனுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவன் யாரென்று தெரியாது. அந்த மாதிரி.

தெரியாததாலோ என்னவோ, தெரிந்துகொள்ள வேண்டுமென்ற அரிப்பு அவருக்கு விடவேயில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. ஓர் ஆளை மயங்க வைத்து, தலையைத் திறந்து, உள்ளேயிருந்து எதையோ எடுத்துவிட்டுத் தைத்து அனுப்புகிறார்கள். போனவர்தான் திரும்பி வந்தாரா? முகம் அதேதான், சரி. உள்ளே இருக்கிற ஆள்?

இதைக் கண்டுபிடிக்க அவரே ஒரு வழி வைத்திருந்தார். முடி எடுக்கும்போது பேச்சோடு பேச்சாக, "எங்க வீட்டு வாசக் கதவுக்கு இப்பத்தான் பச்சை பெயின்ட் அடிச்சேன்" என்பார். அடுத்த ஆளிடம் மஞ்சள் என்பார். இன்னொருவரிடம் காப்பி நிறம். நாலைந்து நாள் கழித்து வார்டுக்குப் போய், கட்டிலோரம் நின்று, "எங்க வீட்டுக் கதவு என்ன நிறம், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பார். யாரிடம் எந்த நிறம் சொன்னோம் என்பது அவருக்கு மறக்கவே மறக்காது. எழுதி வைப்பதும் இல்லை. சரியாகச் சொல்லிவிட்டால், ஆள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார் என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதவுக்கு எந்த நிறமும் கிடையாது. வீடு கட்டிய நாளிலிருந்து வெறும் பலகை. "ஊருல இருக்கற நோயாளிக்கெல்லாம் கதவு பெயின்ட் அடிச்சாச்சு, குடியிருக்கிற எனக்கு மட்டும் அடிக்கல" என்று அவர் மனைவி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள். அவள் தைத்துக் கொடுக்கிற வீட்டுத் தையல்காரி. மூணாவது தெருவரை கேட்கும் மெஷின் சத்தம், அதைவிடக் கொஞ்சம் கூடவே கேட்கும் குரல்.

கதவுக் கேள்வியை நம்பித்தான் பல வருஷம் ஓட்டினார். பிறகு இரண்டு பேர் வந்து அதை ஆட்டிவிட்டார்கள்.

ஒருவர் பாத்திரக் கடைக்காரர். அறுவை முடிந்த மூன்றாம் நாளே, "உங்க கதவு சிவப்பு" என்று பட்டென்று சொன்னார். முதல் கத்தி சந்தோஷமாக வெளியே வந்தால், நடையில் அவர் சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். "எல்லாம் ஞாபகம் இருக்குங்க. என் பொறந்த நாள்கூடச் சொல்றார். ஆனா என்கூடச் சண்டையே போடமாட்டேங்கிறார். சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாலும் பேசாமச் சாப்பிடுறார். இது அவர் இல்லைங்க." 

இன்னொருவர் பள்ளிக்கூட டீச்சர். அவளுக்குக் கதவும் நினைவில்லை, முடி எடுத்த ஆளும் நினைவில்லை. "நீங்க யாரு?" என்றாள். ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கேட்டதும் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முடி எடுக்கும்போதும் அப்படியேதான் சிரித்திருந்தாள். பக்கத்தில் இருந்த அவள் புருஷன், "வந்துட்டாங்க, முழுசா வந்துட்டாங்க" என்று சொல்லிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு இவர் பெரிய டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். அந்த அம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இத்தனை தலையத் திறந்திருக்கீங்க. ஆள் எங்கேம்மா உக்கார்ந்திருக்கார்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "கையை ஆட்டுற இடம் தெரியும். பேச்சு வர்ற இடம் தெரியும். முழிச்சிருக்கிறவங்க மூளையில ஒரு இடத்தத் தொட்டா கை தானாத் தூக்கும். 'தூக்கினீங்களா'ன்னு கேட்டா, 'நான் தூக்கல டாக்டர், நீங்கதான் தூக்கினீங்க'ம்பாங்க. அப்படிச் சொல்றது யாரு? அந்த ஆள ஒரு இடத்துலயும் நான் பார்த்ததில்ல. ஆனா இருக்கார். எல்லா இடமும் சேர்ந்து வேலை செய்யுறப்ப இருக்கார்."

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"தெரியாதுதான். சம்பளம் வாங்கிக்கிட்டுத் தெரியாதுன்னு சொல்லக் கூச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இப்போது மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மைக் என்பது முதல் கத்தியின் மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி, அவளைவிட ஒரு வயசு இளையவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டு மாடி அறையில்தான் குடியிருப்பு. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற வேலை. வெண்கலக் குரல். ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது புறப்படுகிறது என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்தும் அந்தத் தொனி போகாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, குளியலறை இப்போது காலியாக உள்ளது" என்று மாடிப்படியில் நின்று சொல்லுவான்.

மச்சினன் என்பதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. முதல் கத்தி இரண்டு வயசு மூத்தவர்தான். ஆனால் இரண்டு வகுப்பில் தலா ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்து தம்பி வரும்வரை காத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம். அப்போது அவர் ஒரு தெருமுனைச் சவரக் கடையில் வேலை பார்த்தார். ஒரு வாடிக்கையாளரைப் பாதி முகத்தோடு விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அவரை முடித்தால் அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிட்டார். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மணி நேரம் தாமதம். வாசலில் நின்றிருந்த மைக், வந்தவரைப் பார்த்து ஊரே கேட்க, "தாமதமாக வந்த வண்டி இப்போது வந்து சேர்ந்தது" என்று அறிவித்தான். அன்றிலிருந்து முப்பது வருஷமாக அவனுக்கு அவர் 'லேட்டு'தான். 'அத்தான்' என்று ஒரு நாள், ஒரு பேச்சுக்கு, ஒரு கடிதத்தில்கூடக் கூப்பிட்டதில்லை.

"கூடப்பொறந்தவ புருஷன், கொஞ்சம் மரியாதையாக் கூப்பிடுடா" என்று அக்கா சொல்லாத நாளில்லை.

"கதவுக்கு பெயின்ட் அடிக்கட்டும், கூப்பிடுறேன்" என்பான் அவன்.

இப்படி இருந்தவன் ஒரு மத்தியானம் கூண்டுக்குள், அறிவிப்பின் நடுவில் நின்றுபோனான். "நடைமேடை எண்..." என்று தொடங்கியவனுக்கு அடுத்த சொல் வரவில்லை. ஒலிபெருக்கி கரகரவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூட்டை முடிச்சோடு நின்ற சனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எண் அவனுக்குத் தெரிகிறது. விரலை விட்டுக் காட்டக்கூட முடியும். வாய்க்குத்தான் வரவில்லை. அரை நிமிஷம் கழித்து வந்தது. மறுவாரம் மறுபடியும் நின்றது.

படம் எடுத்துப் பார்த்ததில், இடது பக்கம், பேச்சு வருகிற இடத்தை ஒட்டி ஒரு கட்டி. பெரிய டாக்டரம்மாவே பார்த்தாள். "எடுத்துடலாம். ஆனா முழிப்புலயேதான் எடுக்கணும். அவர் பேசிக்கிட்டே இருக்கணும். நான் தொடுற இடத்துல பேச்சு நின்னா அத விட்டுடுவேன், நிக்கலைன்னா எடுப்பேன். மூளைக்கு வலி தெரியாது, பயப்படாதீங்க."

அக்கா அழுதாள். மைக், "இத்தனை வருஷம் நான் பேசுறத நிறுத்தத்தான் எல்லாரும் பார்த்தீங்க, இப்பப் பேசிக்கிட்டே இருக்கணும்னு ஒருத்தங்க சொல்றாங்க" என்றான்.  பாத்திரக் கடைக்காரர் சம்சாரத்தின் குரல் முதல் கத்தியின் காதிலேயே நின்றது. என்கூடச் சண்டையே போடமாட்டேங்கிறார். இவன் பிழைத்து வந்து, மரியாதையாக, அமைதியாக, மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டிருந்தால் அந்த வீட்டில் எப்படி இருப்பது?

அறுவைக்கு முன்பு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டர், மூக்குக் கண்ணாடி போட்ட சின்னப் பெண், படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பரீட்சை வைத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்ல வேண்டும். முழு நினைவோடு இருக்கும்போதே சரியாகச் சொல்கிற படங்களைத்தான் உள்ளே காட்டுவார்கள். நாற்பது அட்டையில் பதினொன்று தப்பு. பெண்ணுக்குக் கவலையாகிவிட்டது. இவ்வளவு பேச்சு ஏற்கெனவே போய்விட்டதா? முதல் கத்தியைக் கூப்பிட்டு விட்டாள்.

"ஆமைப் படத்தக் காட்டினேன். 'எங்க அக்கா வீட்டுக்காரர்'னு சொல்றார் சார். நத்தையைக் காட்டினேன், அதுக்கும் அதே பதில். பூட்டின கதவுக்கு 'பெயின்ட் வேணும்'ங்கிறார். பொருளுக்கும் சொல்லுக்கும் தொடர்பு அறுந்திருக்குமோன்னு எழுதி வெச்சிருக்கேன்."

"ஒன்னும் அறுந்துபோகலம்மா" என்றார் முதல் கத்தி. வெட்கமாக இருந்தது அவருக்கு. "அவன் என்னத்தான் சொல்றான்."

அந்தப் பெண் முதலில் முறைத்தாள். பிறகு அட்டைகளையெல்லாம் அடுக்கி உள்ளே வைத்துவிட்டாள். "இந்த ஆளுக்கு அட்டை சரிப்படாது. வீட்டுல கல்யாண ஆல்பம் இருக்கா? சொந்தக்காரங்க படத்தக் காட்டிப் பேர் கேக்குறேன். அதுல விளையாட மாட்டாரே?"

"அதுலதாம்மா அதிகமா விளையாடுவான். ஒருத்தருக்கும் சொந்தப் பேர் சொல்லமாட்டான். எல்லாருக்கும் ஒரு பட்டப்பேர் இருக்கு."

"அப்போ சரியான பட்டப்பேர்தானான்னு எனக்கு யார் சொல்லுவா?"

இப்படித்தான் முதல் கத்திக்குச் சிவப்புக் கோட்டைத் தாண்ட வேண்டி வந்தது.

அன்றைக்குக் காலையில் மச்சினனுக்கு அவரே முடி எடுத்தார். கை பழக்கத்தில் வேலை செய்தது. வாயும் பழக்கத்தில், "எங்க வீட்டு வாசக் கதவுக்கு..." என்று தொடங்கிவிட்டது.

"யார்கிட்ட கதை விடுற?" என்றான் மைக். "அந்தக் கதவத் தெனமும் திறந்து மூடுறவன் நான். நான் ஒன்னு சொல்றேன், நீ ஞாபகம் வெச்சுக்க. நான் திரும்பி வரும்போது அந்தக் கதவுக்கு நீல பெயின்ட் அடிச்சிருந்துச்சுன்னா, மாறிப்போனது நான் இல்ல, நீதான். எங்க லேட்ட யாரோ தூக்கிட்டுப் போயிட்டு வேற ஆள வெச்சுட்டாங்கன்னு அர்த்தம்."

"வாயக் குறைடா, மெஷின் ஆடுது."

"பேசிக்கிட்டே இருக்கச் சொல்லியிருக்காங்க."

தலை முழுக்க வழித்த பிறகு முதல் கத்தி உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். இடது பக்கம், காதுக்கு மேலே, சின்ன வயசில் இவரே எறிந்த கோலிக்குண்டு பட்ட தழும்பு. அதைக் கொஞ்சம் கூடுதலாகவே தடவினார்.

பச்சை உடுப்பு, தொப்பி, வாய்மூடி எல்லாம் மாட்டி அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். கோட்டைத் தாண்டும்போது கால் ஒரு நொடி தயங்கியது. உள்ளே நல்ல குளிர். முதலில் மைக்கைத் தூங்க வைத்துத் தலையைத் திறந்துவிட்டு, பிறகு எழுப்பினார்கள். தலை அசையாதபடி கவ்வி வைத்திருந்தது. நடுவே ஒரு பச்சைத் துணியைத் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் டாக்டரம்மாவும் திறந்த தலையும். இந்தப் பக்கம் மைக்கின் முகமும், பேச்சு டாக்டர் பெண்ணும், முக்காலியில் இவரும். பெண்ணின் கையில் ஆல்பத்திலிருந்து உருவிய படங்கள்.

"இது யாரு?"

"கொடிக்கம்பம்" என்றான் மைக். குரல் கரகரத்தது, ஆனால் அவன் குரல்தான்.

"எங்க பெரியப்பா மகன், ஆறடி மூணு அங்குலம். சரிதான்" என்றார் முதல் கத்தி.

"இது?"

"கேள்வித்தாள்."

"சின்ன அத்தை. பத்து நிமிஷத்துல இருபது கேள்வி கேப்பாங்க. சரி."

அப்போதுதான் அது நடந்தது. சுவரில் ஒரு டிவி மாட்டியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நடப்பது அதில் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் போதும். தூக்கினார். வெளிறிய இளஞ்சிவப்பு. ஈரம். மேலெல்லாம் மெல்லிய ரத்தக் குழாய்கள். நாடித் துடிப்புக்கு ஏற்ப அது மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி. கீழே அதே நேரம் ஒரு வாய், "குண்டூசி. அக்கா தையல் மெஷினையே திருடப் பாத்த பொம்பளை" என்றது. முதல் கத்தி டிவியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார். இதுவா என்னை முப்பது வருஷமாக லேட்டு என்று கூப்பிடுகிறது? இதற்குள் கல்யாண நாள் இருக்கிறதா, கோலிக்குண்டு இருக்கிறதா? எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் வாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா பேனா மாதிரி ஒரு கருவியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டாள். ஓர் இடம் தொட்டபோது பேச்சு நின்றது. பெண்ணின் கையில் இருந்தது ஒல்லியான ஓர் ஆளின் படம். மைக் வாயைத் திறந்தான். "அது... அது..." கண்ணில் தண்ணீர் கட்டியது. கருவியை எடுத்ததும், "குடை!" என்று கத்தினான். "குடை, குடை. ரெண்டு குடைய வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தராதவன். லேட்டு, ஆள நல்லாத் தெரியுது. கோபம்கூட வருது. பேரு மட்டும் வண்டியிலருந்து எறங்கல."

அந்த இடத்தில் டாக்டரம்மா சின்னதாக ஒரு எண் சீட்டை வைத்தாள். தொடக்கூடாத இடம். இப்படி மூன்று சீட்டு விழுந்தது.

ஒரு மணி நேரம் போல ஆயிற்று. "இன்னும் ஒரு ஓரம்தான்" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "எடுத்துட்டா நல்லது. பேச்சுக்கு ஆகாதுன்னா விட்டுடுறேன். ஒரு படம் காட்டுங்க."

பெண் காட்டிய படம், கல்யாணத்தன்று தாமதமாக வந்து, வியர்த்து வழிந்து நிற்கிற மாப்பிள்ளை.

மைக் பார்த்தான். 

"அத்தான்" என்றான்.

பெண் சரி என்று குறித்தாள். முதல் கத்தி முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தப்பு! டாக்டரம்மா, நிறுத்துங்க, அது தப்பு!"

கருவி நின்றது. "என்ன தப்பு? நீங்க அவருக்கு அத்தான்தானே?"

"உறவு சரிம்மா. ஆனா அவன் அப்படிக் கூப்பிடமாட்டான். முப்பது வருஷத்துல கூப்பிட்டதே இல்ல. என்னமோ ஆகிப்போச்சு, அந்த இடத்தத் தொடாதீங்க." 

டாக்டரம்மா கருவியை முழுசாக விலக்கினாள். "நான் இப்ப எங்கேயும் தொடல. இன்னொரு தடவை கேளுங்க."

பெண் படத்தைத் தூக்கிப் பிடித்தாள். 

"அத்தான்தான்" என்றான் மைக். பிறகு, கவ்விய தலையை அசைக்க முடியாமல் கண்ணை மட்டும் சுழற்றி, "ஏன்யா லேட்டு" என்றான். "தலையத் திறந்து போட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன். திரும்பி வருவேனோ மாட்டேனோன்னு ஒரே ஒரு தடவை மரியாதையாக் கூப்பிட்டா, அதையும் போய் டாக்டர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்றியா?"

"யாரும் சிரிக்காதீங்க" என்றாள் டாக்டரம்மா. "என் கை ஆடும்." ஆனால் அவள் தோளும் குலுங்கியது. பிறகு அந்த ஓரத்தையும் எடுத்தாள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் பேச்சு இல்லை. வீக்கம், சில நாள், சில வாரம்கூட இருக்கும், பிறகு வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லித்தான் இருந்தாள். சொன்னதைக் கேட்பது வேறு, கட்டிலில் பார்ப்பது வேறு. மைக் கண்ணைத் திறந்து படுத்திருந்தான். அக்கா பேசினால் அவளைப் பார்த்தான். கரண்டியை நீட்டினால் வாயைத் திறந்தான். கையைப் பிடித்து அழுத்தச் சொன்னால் அழுத்தினான். அவ்வளவுதான். பஞ்சுக் கட்டுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று முதல் கத்திக்குப் பிடிபடவில்லை. மற்ற நோயாளிகளிடம் போய் நின்று கதவைப் பற்றிக் கேட்கிற மனுஷன், இங்கே கேட்க ஒரு கேள்வியும் இல்லாமல் நின்றார். இவனிடம்தான் ஒரு நிறமும் சொல்லவில்லையே.

"பேசாம இருக்கானே" என்றாள் மனைவி, வீட்டுக்கு வரும் வழியில். "பேசும்போதெல்லாம் பேசாம இருடான்னு சொன்னேனே."

"வருவான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார். டாக்டரம்மா சொன்ன அதே தொனியில் வந்தது.

இப்படி ஐந்து நாள். ஆறாம் நாள் விடுமுறை. காலையில் எழுந்து வாசலுக்கு வந்தார். மாடியிலிருந்து குளியலறை அறிவிப்பு இல்லை. கைக்கு வேலை இல்லை. கதவு எதிரே நின்றது, வெறும் பலகை. அவர் போய் ஒரு டின் நீல பெயின்டும் ஒரு பிரஷும் வாங்கி வந்து உப்புத் தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். மனைவி தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். மெஷின் நின்றதைக் கேட்டு மூணாவது தெருவிலிருந்தே ஒருத்தி என்னவென்று விசாரிக்க வந்தாள். அவர் தலையை வழிக்கிற மாதிரியே கதவையும் மேலிருந்து கீழாக, ஒரே பக்கமாக, பதற்றமில்லாமல் இழுத்தார். முதல் பூச்சு காய்ந்து இரண்டாம் பூச்சு முடியும்போது பார்வையாளர் நேரம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

ஓட்டமும் நடையுமாக வார்டுக்குள் நுழைந்தார். மைக் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இவர் கட்டிலோரம் போய், வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைக்கின் கண் அவர் முகத்துக்கு வந்தது, பிறகு கைக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.  உதடு அசைந்தது.

"நீங்க..." என்றான். ஆறு நாளில் முதல் சொல். ஒவ்வோர் எழுத்தையும் தூக்கி வைக்கிற மாதிரி. "நீங்க... யாரு?"

 முடிந்தது, போனவன் வரவில்லை என்று முதல் கத்தி நினைத்தார். டீச்சர் கேட்ட அதே கேள்வி. ஆனால் டீச்சரிடம் சிரிப்பு இருந்தது. இவனிடம் சிரிப்பைக் காணோமே என்று அவன் முகத்தைத் தேடினார். அப்போதுதான் அவன் எங்கே பார்க்கிறான் என்று கவனித்தார். அவருடைய நகங்களில். பத்து நகத்திலும் நீல பெயின்ட்.

மைக்கின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"கதவுக்கு... பெயின்ட் அடிச்சவரு... எங்க ஆள் இல்ல" என்றான். மூச்சு வாங்கினான். "எங்க லேட்ட... என்ன பண்ணீங்க?"

முதல் கத்தி கட்டிலோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று பக்கத்துக் கட்டில்காரருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாளி தண்ணீரை மேலே கொட்டின மாதிரி முகமெல்லாம் நனைந்திருந்தது. கொஞ்சம் அடங்கிய பிறகு, "ஒரு மணி நேரம் தாமதமா வந்திருக்கேன்டா, கவனிக்கலியா" என்றார்.

மைக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தான்.

"அப்ப... அவருதான்" என்றான்.

மூன்று மாதத்தில் அவன் கூண்டுக்குத் திரும்பினான். குரல் அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் போனது போனதுதான். ஏழு என்ற எண் அவனுக்குச் சட்டென்று வராது. அந்த இடத்தில் ஒரு மூச்சு நிற்பான். பஸ் நிலையத்துக்குத் தினமும் வருகிறவர்கள் இப்போது அதைப் பழகிவிட்டார்கள். ஒலிபெருக்கி "நடைமேடை எண்..." என்று சொல்லி நின்றால் உடனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏழாம் மேடைக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். எண் பின்னால் வரும்.

முதல் கத்தி இன்னும் அந்தச் சின்ன அறையில்தான் முடி எடுக்கிறார். கதவைப் பற்றிச் சொல்வதையும் விடவில்லை. பச்சை என்பார், சிவப்பு என்பார், காப்பி நிறம் என்பார். நீலம் மட்டும் சொல்லுவதில்லை. வார்டுக்குப் போனாலும் பதிலைவிட முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். நிறத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு, "என்னய்யா, போன தடவை வேற சொன்னீங்களே" என்று மடக்கப் பார்க்கிற நோயாளிகள் உண்டு. அவர்களைத்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டில் அந்த நீலக் கதவைத் திறந்து உள்ளே வருகிறபோதெல்லாம் மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வரும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

மனைவி மெஷினை நிறுத்தாமலே, "அத்தான்னு கூப்பிடுடா, பெயின்ட்தான் அடிச்சாச்சே" என்பாள்.

"கூப்பிட்டாச்சுக்கா" என்பான் மைக். "டாக்டர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணிட்டார்."